தீக்காயம் மூடிய பிறகு கை ஏன் மடங்கிப்போகிறது?

தீபாவளிக்குப் பலகாரம் சுட்ட எண்ணெய்ச் சட்டி சாய்ந்து என் மகளின் இடது முழங்கை மடிப்பும் முன்கையும் வெந்துபோனபோது அவளுக்கு ஏழு வயது. வாரக்கணக்கில் கட்டுப் போட்டு, ஆழமாக வெந்த இடத்தில் தோல் ஒட்டி, ஒருவழியாகப் புண் மூடியது. அப்பாடா என்று நாங்கள் உட்காரப் போன நேரத்தில் தீக்காயப் பிரிவின் பிசியோதெரபிஸ்ட் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "டீச்சர், புண்ணு மூடிருச்சு, சந்தோசம். ஆனா உள்ள இருக்கிற செல்லுங்க இன்னும் வேலையை நிறுத்தல. ஒரு வருசத்துக்கு மேலகூட இழுத்துக்கிட்டே இருக்கும். நீங்க எதிர்ப்பக்கம் இழுக்கலைன்னா பாப்பா கை மடங்கினபடியே நின்னுரும்."

நான் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் எடுப்பவள். ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற சொல்லை எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். இணைப்புத் திசுவில் இருக்கும், தோலுக்கு வலு தரும் கொலாஜன் என்ற புரத இழைகளைச் சுரக்கும் என்று இரண்டு வரியில் முடித்துவிடுவோம். அந்தச் செல்லுக்கு ஒரு குழந்தையின் கையையே மடக்கி வைக்கும் பலம் உண்டு என்பதை மகளின் கையில்தான் பார்த்தேன். அதே வார்டில் தாடை நெஞ்சோடு ஒட்டிப்போன ஒரு பெண்ணையும், விரல்கள் உள்ளங்கைக்குள் சுருண்டுபோன ஒரு சமையல்காரரையும் பார்த்தேன். இருவருக்கும் புண் எப்போதோ ஆறிவிட்டது; ஆறியதும் மருத்துவமனைக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். இப்படிப்பட்ட முடக்கங்களில் பெரும்பகுதியைத் தவிர்க்கவோ குறைக்கவோ முடியும். அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் முதல் அரைமணி நேரம். சட்டி சாய்ந்ததும் பக்கத்து வீட்டு அக்கா பேனா மையோடு ஓடி வந்தார். என் அத்தை இட்லி மாவை எடுத்துவரச் சொன்னார். நான் மகளைக் குழாயடியில் நிறுத்தி, கையை ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டச் செய்தேன். வளையலை உடனே கழற்றினேன், ஏனென்றால் கை வீங்கிய பிறகு கழற்ற முடியாது. ஐஸ் வைக்கவில்லை. பிறகு சுத்தமான பருத்தித் துணியால் தளர்வாக மூடி, ஆட்டோவில் ஏற்றினோம். பட்டு மூன்று மணி நேரத்துக்குள் எப்போது தண்ணீர் காட்டினாலும் பலன் உண்டு என்று பின்னர் மருத்துவர் சொன்னார். உடம்பில் நிறைய இடம் வெந்த சின்னக் குழந்தை என்றால் மட்டும் நடுங்கவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தத் தண்ணீருக்கு வலி குறைப்பது மட்டுமல்ல வேலை. பர்மிங்காமில் தீக்காய மருத்துவராக இருந்த டக்ளஸ் ஜாக்சன் 1953-இல் தீக்காயத்தை மூன்று வட்டங்களாகப் பிரித்துக் காட்டினார். நடுவில் செத்துப்போன திசு. வெளியே சிவந்து, தானாகவே தேறிவிடும் பகுதி. இரண்டுக்கும் இடையே ரத்த ஓட்டம் மந்தமாகி ஊசலாடும் பகுதி. இந்த இடைவட்டம் பிழைக்குமா சாகுமா என்பது அடுத்த ஓரிரு நாளில் முடிவாகிறது. தண்ணீர் காட்டுவதும், அங்கே தொற்று வராமல் காப்பதும், உடம்பில் நீர்ச்சத்து குறையாமல் பார்ப்பதும் அந்த இடைவட்டத்துச் செல்களுக்காகத்தான். மை, மாவு, பற்பசை இவற்றைப் பூசினால் ஆழம் எவ்வளவு என்று மருத்துவருக்குத் தெரியாது. அதைத் தேய்த்துக் கழுவும்போது மிச்சமிருக்கும் நல்ல செல்லும் போய்விடும்.

மகளின் கையில் இரண்டு விதமான காயம் இருந்தது. முன்கையில் கொப்புளம் போட்ட, மேலோட்டமான காயம். மடிப்பில், எண்ணெய் தேங்கி நின்ற இடத்தில், வெளிறி உணர்ச்சியே இல்லாத ஆழக் காயம். வலிக்கவில்லை என்று அவள் சொன்ன இடம்தான் மோசமான இடம். அங்கே நரம்பு முனைகளே வெந்துபோயிருந்தன. வலி இல்லாத தீக்காயத்தைப் பார்த்து யாரும் ஆறுதல் அடைய வேண்டாம்.

முன்கை ஆறியதைப் பார்த்தது எனக்கு ஒரு பாடம். கட்டு மாற்றும்போது சிவந்த தரையில் முத்துப் போல வெளிர்நிறப் புள்ளிகள் தெரிந்தன. சீழ் என்று நினைத்துத் துடைக்கப் போகிறவர்கள் உண்டாம். அவை புதிய மேல்தோல் திட்டுகள். தோலின் மேலடுக்கு முழுதும் வெந்தாலும், மயிர்க்கால்கள் கீழடுக்குவரை இறங்கியிருக்கின்றன. அவற்றின் சுவரில் இருக்கும் செல்கள் பிழைத்திருந்தால் மேலே ஏறிவந்து, பரவி, பக்கத்துத் திட்டோடு சேர்கின்றன. காயத்தின் ஓரத்திலும் இதே வேலை நடக்கிறது. அடித்தளத்தைப் பிடித்துக்கொண்டிருந்த, மேல்தோலைக் கட்டும் கெரட்டினோசைட் செல்கள் பிடியைத் தளர்த்தி, தட்டையாகி, முன்பக்கம் மெல்லிய விளிம்பை நீட்டி ஊர்கின்றன. பின்னால் இருப்பவை பிரிந்து பெருகி ஆள் சேர்க்கின்றன. தனித்தனியாக ஓடுவதில்லை, ஒன்றையொன்று பிடித்தபடி ஒரு விரிப்பாக நகர்கின்றன. எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் விரிப்பைத் தொட்டதும் நின்றுவிடுகின்றன. ஊரும் செல் இன்னொரு செல்லைத் தொட்டால் அந்தத் திசையில் மேலே போகாது என்பதை லண்டனில் மைக்கேல் ஏபர்குரோம்பி 1950-களில் படமெடுத்து அளந்து காட்டினார். இந்த நிற்கும் குணம் இல்லையென்றால் மூடிய காயத்தின் மேல் தோல் மலையாகக் குவிந்திருக்கும்.

ஊர்வதற்கு ஈரம் வேண்டும். 1962-இல் ஜார்ஜ் விண்டர் பன்றிகளின் தோலில் சிறு காயங்கள் செய்து பார்த்தார். காற்றுப்பட உலரவிட்டதைவிடப் படலம் போட்டு ஈரமாக மூடிய காயங்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் மேல்தோல் மூடின. உலர்ந்து பொருக்குக் கட்டினால் செல்கள் அதற்கு அடியில் ஈரம் இருக்கும் ஆழத்துக்கு இறங்கி வழி தேட வேண்டியிருக்கிறது. "காத்தாட விடுங்க, சீக்கிரம் காயும்" என்று பார்க்க வந்த ஒவ்வொருவரும் சொன்னார்கள். நான் மருத்துவமனையில் போட்ட கட்டை அவர்கள் சொன்ன நாள்வரை பிரிக்கவில்லை. பிரிக்கும்போது ஒட்டிக்கொண்ட துணியைச் சலைன் விட்டு நன்றாக ஊறவைத்தே எடுக்கச் சொல்லி நின்று பார்த்துக்கொண்டேன். வெடுக்கென்று இழுத்தால் அதோடு வருவது அன்றுவரை ஊர்ந்துவந்த செல்கள். செவிலியருக்கு அவசரம் இருக்கும். கூட இருப்பவர் பணிவாக ஆனால் விடாமல் கேட்கலாம்.

முன்கை இரண்டு வாரத்துக்குள் மூடியது. இரண்டு வாரத்துக்குள் மூடும் காயத்தில் தழும்பு பெரும்பாலும் தடிப்பதில்லை. மூன்று வாரத்தைத் தாண்டினால் தடிக்கும் வாய்ப்பு மிக அதிகம். தீக்காய மருத்துவர்கள் இந்தக் கணக்கை மனத்தில் வைத்துத்தான் தோல் ஒட்டுவதைப் பற்றி முடிவெடுக்கிறார்கள். மடிப்பில் ஒரு புள்ளிகூட முளைக்கவில்லை. அதனால் தொடையிலிருந்து ஒரு மில்லிமீட்டரில் பாதிகூட இல்லாத கனத்தில் தோலைச் சீவி எடுத்து அங்கே ஒட்டினார்கள். முதல் ஓரிரு நாள் அந்தத் தோலுக்கு ரத்தக்குழாய் கிடையாது. அடியில் கசியும் நீரை உறிஞ்சித்தான் உயிர் பிழைக்கிறது. பிறகு கீழிருந்து வளரும் நுண்குழாய்கள் ஒட்டுத்தோலின் குழாய்களோடு இணைகின்றன. இந்த நாட்களில் தோல் அரை அங்குலம் நகர்ந்தாலும், அடியில் ரத்தம் தேங்கினாலும் அது பிடிக்காது. குழந்தை கையை அசைக்காமல் பார்த்துக்கொள்வது அப்போது எங்கள் முழுநேர வேலை. தொடையில் எடுத்த இடம்தான் அதிகம் வலிக்கும் என்பதை முன்னமே சொல்லிவைத்திருந்ததால் அவள் பயப்படவில்லை.

சாப்பாட்டைப் பற்றி வீட்டில் பெரிய வாக்குவாதம். பருப்பு கூடாது, முட்டை கூடாது, மீன் கூடாது, சீழ் பிடிக்கும் என்றார் அத்தை. அவர் அன்பினால் சொன்னார். ஆனால் இதில் நான் இறங்கி வரவில்லை. காயத்தில் புதிதாகக் கட்டப்படும் அத்தனையும் புரதம். கொலாஜன் இழைகள் ஒன்றோடொன்று உறுதியாகப் பின்னிக்கொள்ள வைட்டமின் சி தேவை. 1740-களில் உலகைச் சுற்றிவந்த ஆங்கிலத் தளபதி ஜார்ஜ் ஆன்சனின் கப்பல்களில், வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோய் பரவியபோது, 50 வருடங்களுக்கு முன் அயர்லாந்தில் நடந்த பாய்ன் போரில் அடிபட்டு ஆறிய ஒருவரின் காயம் மறுபடி வாய் திறந்ததாக அந்தப் பயணக் குறிப்பு சொல்கிறது. தழும்பு ஒருமுறை கட்டி முடித்த சுவர் இல்லை. செல்கள் அதை அரித்து எடுத்துக்கொண்டும் புதிதாக நெய்துகொண்டும் இருக்கின்றன. நெய்வது நின்றால் அரிப்பது மட்டும் மிஞ்சும். இந்தக் கதையை அத்தையிடம் சொன்னேன். மறுநாள் முதல் அவரே முட்டை அவித்துக் கொடுத்தார், நெல்லிக்காயும் கொய்யாவும் வாங்கிவந்தார்.

இனி மூடிய தோலுக்கு அடியில் நடப்பது. ஆழமான காயத்தின் பள்ளத்தை நிரப்ப ஃபைப்ரோபிளாஸ்ட்கள் சுற்றுப்புறத்திலிருந்து ஊர்ந்து வருகின்றன. வந்தவற்றில் பல வேறொரு வடிவம் எடுக்கின்றன. 1971-இல் ஜூலியோ கபியானி, ரையன், மாஜ்னோ மூவரும் ஆறும் காயத்தின் திசுவை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து, ஃபைப்ரோபிளாஸ்ட்களுக்குள் தசைச் செல்லில் இருப்பது போன்ற சுருங்கும் இழைக்கற்றைகளைக் கண்டார்கள். அந்தச் செல்லுக்கு மயோஃபைப்ரோபிளாஸ்ட் என்று பெயர் வந்தது. குடல், ரத்தக்குழாய் சுவர்களின் வரியற்ற தசையில் உள்ள ஆக்டின் (சுருங்க உதவும் புரதம்) வகையே இதிலும் உருவாகிறது என்பது பின்னர் தெரிந்தது. சுற்றியுள்ள கொலாஜனைப் பிடித்து உள்நோக்கி இழுப்பதுதான் இதன் வேலை. சுருக்குப்பையின் கயிற்றை இழுத்ததும் வாய் சிறுத்துப்போவது போலக் காயத்தின் வாய் சிறுத்துக்கொண்டே வரும். தோல் தளர்வாக இருக்கும் முதுகிலோ வயிற்றிலோ இது வரம். மூட்டு மடிப்பில் இதுவே கையை மடக்கும் விசை.

செல் இப்படி இழுக்கும் என்பதைக் கண்ணுக்குக் காட்டிய சோதனை ஒன்றை என் மாணவர்களுக்கு இப்போதெல்லாம் தவறாமல் சொல்கிறேன். 1980-இல் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் ஹாரிசும் கூட்டாளிகளும் மிக மெல்லிய சிலிகான் ரப்பர் படலத்தின் மேல் ஃபைப்ரோபிளாஸ்ட்களை விட்டார்கள். செல் நின்ற இடத்தில் படலம் வரிவரியாக மடிந்தது. ஊர்ந்து போவதற்குத் தேவையானதைவிடப் பல மடங்கு அதிகமாக அது இழுக்கிறது. எதற்கு இவ்வளவு பலம்? அடுத்த வருடம் அவர்களே இரண்டு திசுத் துண்டுகளைக் கொலாஜன் கூழில் சற்றுத் தள்ளி வைத்தார்கள். செல்கள் இழுத்த இழுப்பில் இடையில் இருந்த கொலாஜன் இழைகள் நேர்கோட்டில் அணிவகுத்துக் கயிறாகின. கருவில் தசைநாண்களும் மூட்டுகளைப் பிணைக்கும் தசைநார்களும் உருவாவதில் இதே இழுப்புக்குப் பங்கு உண்டு என்று அவர்கள் வாதிட்டார்கள். குழந்தை உருவானபோது உடம்புக்கு வடிவம் கொடுத்த பலம் அது. காயத்தில் மறுபடி விழித்துக்கொள்கிறது.

நடைமுறைக்கு முக்கியமான விவரம் இனிமேல்தான். மயோஃபைப்ரோபிளாஸ்ட் ஒரேயடியாக இழுத்துவிடுவதில்லை. கொஞ்சம் இழுக்கிறது, அந்தக் குறுகிய நிலையில் புதிய கொலாஜனைச் சுரந்து கட்டிப்போடுகிறது, பிடியை மாற்றிக்கொண்டு மறுபடி கொஞ்சம் இழுக்கிறது. அப்படியானால் பகலில் ஒரு மணி நேரம் பயிற்சி செய்துவிட்டு மிச்ச நேரமெல்லாம் கையை மடக்கி வைத்திருந்தால் என்ன ஆகும்? மடங்கிய நீளத்தில்தான் கட்டு விழும். வார்டில் எல்லோருக்கும் சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு: "எப்படி வச்சா சுகமா இருக்கோ, அப்படித்தான் ஒட்டிக்கும்." முழங்கையின் உட்புறம் வெந்தால் கையை மடக்கி நெஞ்சோடு வைத்துக்கொள்வது சுகம். கழுத்தின் முன்புறம் வெந்தால் தலையணை வைத்துத் தலையைக் குனிந்து படுப்பது சுகம். அக்குளில் வெந்தால் கையை விலாவோடு ஒட்டி வைப்பது சுகம். எனவே முழங்கை நீட்டி, கழுத்துக்குத் தலையணை இல்லாமல், அக்குளுக்குக் கையை அகட்டி. விரல்களுக்கு உள்ளங்கை வெந்ததா புறங்கை வெந்ததா என்பதைப் பொறுத்து நிலை மாறும். அதைப் பிசியோதெரபிஸ்டிடம்தான் கேட்க வேண்டும்.

எங்கள் வீட்டில் இரவுதான் முக்கிய நேரம் என்று வைத்துக்கொண்டோம். கையை நீட்டி வைக்கும் ஸ்பிளிண்ட் ஒன்றை அவள் அளவுக்குச் செய்து கொடுத்தார்கள். பணம் அதிகம் ஆகும் பிளாஸ்டிக் வகை கிடைக்காதவர்கள் மாவுக்கட்டிலேயே பாதிக் கூடு செய்யச் சொல்லிக் கேட்கலாம், வேலை ஒன்றுதான். உள்ளே மெல்லிய பருத்தித் துணி சுற்றி, காலையில் கழற்றியதும் எங்காவது சிவந்து அழுந்தியிருக்கிறதா என்று பார்ப்பேன். ஒட்டுத்தோல் முதல் சில மாதங்கள் லேசில் கொப்புளிக்கும். மேலடுக்கையும் கீழடுக்கையும் சேர்த்துப் பிடிக்கும் நுண்ணிய நங்கூர இழைகள் முழுதாக உருவாகச் சில மாதங்கள் பிடிக்கின்றன. கொப்புளம் கண்டால் அங்கே மட்டும் அழுத்தம் படாமல் மாற்றிக் கட்டுவோம். ஸ்பிளிண்டை அடியோடு விடமாட்டோம்.

காலையில் குளித்து முடித்ததும் தோல் இளகியிருக்கும். அப்போது தேங்காய் எண்ணெய் தொட்டு, பெருவிரலால் தழும்பு வெளுக்கும் அளவு அழுத்தி, வட்டமாக நீவிவிடுவேன். பிறகு கையை மெல்ல நீட்டி, இழுவை தெரியும் இடத்தில் நிறுத்தி, அவள் ஒரு பாட்டுப் பாடி முடிக்கும்வரை பிடித்திருப்பேன். சுளீரென்று வலிக்கும் அளவுக்கு இழுக்கக் கூடாது. கிழிந்தால் உள்ளே ரத்தம் கசியும், அழற்சி வரும், அழற்சி வந்தால் இன்னும் ஃபைப்ரோபிளாஸ்ட்கள் வந்து சேரும். மெதுவாக, நீண்ட நேரம், அடிக்கடி என்பதுதான் கணக்கு. இழைகள் இழுவையின் திசைக்கு ஏற்பத் திரும்பிப் படுக்க அந்த நேரம் வேண்டும்.

குழந்தைக்குப் பயிற்சி என்றால் அழுகை. விளையாட்டு என்றால் ஓடி வருவாள். சின்ன வாளியில் பாதித் தண்ணீர் எடுத்துச் செடிக்கு ஊற்றச் சொன்னேன். தொங்கும் கையை வாளியின் கனமே நீட்டிவிடும். கொடியில் துணி போடுவது, கோயில் மணியை எட்டி அடிப்பது, சுவரில் உயரத்தில் சாக்பீஸால் படம் வரைவது எல்லாமே எங்கள் மருத்துவம். மாதம் ஒருமுறை கையை நீட்டி ஒரே இடத்தில் நிற்கவைத்துப் பக்கவாட்டில் போட்டோ எடுத்தேன். தினம் பார்க்கும் கண்ணுக்குச் சில பாகை மடக்கம் தெரியாது, போட்டோவில் தெரிந்துவிடும். ஒரு மாதப் படத்தில் கை லேசாக மடங்கியிருந்தது தெரிந்ததும் அடுத்த முறைவரை காத்திராமல் உடனே கொண்டுபோய்க் காட்டினோம். ஸ்பிளிண்டைத் திருத்திக் கொடுத்தார்கள்.

பிரஷர் கார்மென்ட் என்னும், கையை இறுக்கிப் பிடிக்கும் துணி உறையை நாளில் 23 மணி நேரம் போடச் சொன்னார்கள். தழும்பை அது எவ்வளவு தட்டையாக்கும் என்பதில் ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. அரிப்பு குறைந்தது, அவளே சொறிந்து புண்ணாக்காமல் காத்தது என்ற இரண்டுக்காகவும் நான் அதைத் தொடர்ந்தேன். வெயில் காலத்தில் கொடுமைதான். இரண்டு வாங்கி, மாற்றி மாற்றித் துவைத்துப் போட வேண்டும். தொளதொளவென்று ஆனதும் மாற்றிவிட வேண்டும். வசதி குறைந்தவர்கள் கார்மென்டா ஸ்பிளிண்டா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தால், மூட்டில் பட்ட காயத்துக்கு நான் ஸ்பிளிண்டைத்தான் சொல்வேன்.

அரிப்பைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. இரவெல்லாம் தூங்கவிடாத அரிப்பு. தழும்பில் வியர்வைச் சுரப்பியும் எண்ணெய்ச் சுரப்பியும் இல்லாததால் வறண்டுபோகிறது. வளர்ந்துவரும் நரம்பு முனைகளும், மாஸ்ட் என்னும் நோயெதிர்ப்புச் செல்கள் விடும், அரிப்பைத் தூண்டும் ஹிஸ்டமினும் சேர்ந்துகொள்கின்றன. நாளுக்குப் பலமுறை எண்ணெய் தடவுவதும், குளிர்ந்த ஈரத்துணியும், மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையும் உதவின. பிள்ளை அடம் பிடிக்கிறது என்று அதட்டாதீர்கள்.

நிறம் திரும்பியது முன்கையில் புள்ளி புள்ளியாகத்தான். நிறம் கொடுக்கும் மெலனோசைட்களும் மயிர்க்கால்களில் தங்கியிருந்து வெளியே பரவுகின்றன. கருவில் முதுகுத்தண்டு உருவாகும் பகுதியிலிருந்து கிளம்பி உடம்பெங்கும் ஊர்ந்து தோலில் குடியேறிய செல்களின் வம்சம் அவை. திரும்பவும் ஒருமுறை ஊர்கின்றன. வெயில் படாமல் முழுக்கைச் சட்டை போட்டுவிட்டால் திட்டுத்திட்டாகக் கறுப்பது குறையும்.

வார்டில் கூட இருந்த ஒரு தகப்பனார், "டீச்சர், ஆய்வகத்துல தோல் வளக்குறாங்களாமே, அத ஒட்டினா இந்தத் தொல்லையெல்லாம் இருக்காதுல்ல?" என்று கேட்டார். வளர்க்கிறார்கள். 1975-இல் ஜேம்ஸ் ரைன்வால்டும் ஹோவர்ட் கிரீனும் மனிதக் கெரட்டினோசைட்களை எலிச் செல்களின் துணையோடு பெருக்கும் வழியைக் கண்டார்கள். 1983-இல் உடம்பில் 95 சதவீதத்துக்கு மேல் வெந்த இரண்டு சகோதரச் சிறுவர்கள் பாஸ்டனில் அவர்களின் சொந்தச் செல்லிலிருந்து வளர்த்த தோலால் பிழைத்தார்கள். உயிர் காக்கும் பெரிய சாதனை அது. ஆனால் அப்படி வளர்வது மேலடுக்கு மட்டும். ஒட்டும் தோலோடு கீழடுக்கு எவ்வளவு கனமாக வருகிறதோ அவ்வளவு சுருக்கம் குறையும். மெல்லியதாக இருந்தால் அடியில் இருக்கும் செல்கள் தடையின்றி இழுக்கும். எனவே எந்தத் தோலை ஒட்டினாலும் நீட்டும் வேலை நம்முடையதுதான் என்று அவரிடம் சொன்னேன்.

எப்போது நிறுத்துவது? தழும்பே சொல்லும். சிவந்து, தடித்து, கெட்டியாக இருக்கும்வரை உள்ளே வேலை நடக்கிறது. விரலால் அழுத்தி எடுத்ததும் வெளுத்த இடம் சட்டென்று சிவந்தால் இன்னும் ரத்தக்குழாய்கள் நிறைய இருக்கின்றன. வெளிறி, தட்டையாகி, கிள்ளி எடுக்கும் அளவு மெத்தென்று ஆனால் மயோஃபைப்ரோபிளாஸ்ட்களில் பெரும்பகுதி தானாக மடிந்துவிட்டன என்று பொருள். பொதுவாக ஒன்றிலிருந்து இரண்டு வருடம் ஆகும். மகளுக்கு அந்த நிலை வந்து, பிசியோதெரபிஸ்ட் பார்த்துச் சொன்ன பிறகே இரவு ஸ்பிளிண்டை நிறுத்தினோம். கை முழுதாக நீள்கிறது.

ஆனால் அவள் இன்னும் வளர வேண்டிய பிள்ளை. எலும்பு நீளும் வேகத்துக்குத் தழும்பு நீளாது. பருவமடையும் காலத்தில் உயரம் மளமளவென்று கூடும்போது கை மறுபடி இழுக்கத் தொடங்கலாம். அப்போது தழும்பை இசட் வடிவில் வெட்டித் திருப்பித் தைத்து நீளம் கூட்டும் அறுவை தேவைப்படலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே இடத்தில் நிற்கவைத்துப் போட்டோ எடுப்பதை நிறுத்தவில்லை. உங்கள் பிள்ளைக்கோ பெற்றோருக்கோ மூட்டுக்கு மேல் தீக்காயம் பட்டிருந்தால், டிஸ்சார்ஜ் சீட்டு வாங்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: தூங்கும்போது மூட்டு எந்த நிலையில் இருக்க வேண்டும், ஸ்பிளிண்ட் எங்கே செய்து தருவார்கள், பிசியோதெரபிக்கு எந்தக் கிழமை வர வேண்டும். பதிலைச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.